மயக்க மருந்தும் எலியின் சாட்சியமும்

சென்ற ஆண்டு துல்கஃதா மாதத்தில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, மத்ரஸாவின் வாயிலில் ஓர் இளைஞர் எனக்காகக் காத்து நின்றார். காஞ்சிபுரத்தில் தறிக்காரர்களுக்குப் பாவும் சரிகையும் எடுத்துக் கொடுக்கும் கடையொன்றில் கணக்கு எழுதுபவர். அவருடைய மூத்த மகள் எங்களிடம் ஓதுகிறாள். இரண்டு வயது மகனுக்குக் குடலிறக்கம். அறுவை செய்துவிட வேண்டுமென மருத்துவர் கூறி இரண்டு மாதங்கள் கழிந்துவிட்டன. இவரோ நாள் குறிக்காமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

"ஹஜ்ரத், மயக்க மருந்து கொடுத்தால் பிள்ளையின் மூளை கெட்டுவிடுமாமே! எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்களாம். எங்கள் மாமா சொல்கிறார். நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்."

நான் கல்லூரியில் படித்தது வரலாறு, மருத்துவம் அன்று. "மருத்துவரிடமே இதைக் கேளுங்கள் தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். ஆயினும் மனம் அமைதி கொள்ளவில்லை. எலிக்கு நேர்ந்தது பிள்ளைக்கும் நேருமா? நான் தேடிப் படித்ததையும், விவரமறிந்த மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே அச்சம் இன்னும் எத்தனையோ இல்லங்களில் இருக்கக்கூடும்.

இந்தக் கேள்வி நம் முன்னோருக்குப் புதிதன்று. மருத்துவ மேதை அர்ராஸீ பாதரசத்தின் தன்மையை அறிய அதை ஒரு குரங்குக்குக் கொடுத்துப் பார்த்தார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த இப்னு ஸீனா (மறைவு 1037) 'அல்கானூன்' என்னும் தம் பெருநூலில் அபினியும் வேறு சில மூலிகைகளும் வலியை மரக்கச் செய்வதை விளக்குகிறார். அதே நூலில் மருந்தைச் சோதிப்பதற்குச் சில விதிகளையும் வகுத்திருக்கிறார். அவற்றுள் ஒன்று, மருந்தை மனித உடலிலேயே சோதித்தறிய வேண்டும் என்பது. சிங்கத்திடமோ குதிரையிடமோ அது செய்யும் வேலையைக் கொண்டு மனிதனுக்கு என்ன செய்யும் என்று முடிவு கட்டிவிட முடியாது என்பது அதற்கு அவர் கூறும் காரணம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எச்சரிக்கை இது. அது எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது.

ஹைதராபாத்தில் நடந்தது

1847-இல் ஸ்காட்லாந்தின் சிம்ப்சன் குளோரோஃபாமை மயக்க மருந்தாக அறிமுகம் செய்தார். மறு ஆண்டு சனவரியிலேயே இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் கொடுக்கப்பட்ட குளோரோஃபாமால் சில நிமிடங்களில் இறந்து போனாள். அன்று தொடங்கியது விவாதம். முதலில் நிற்பது மூச்சா, இதயமா? மூச்சு என்றால் மூச்சைக் கவனித்துக்கொண்டால் போதும். இதயம் என்றால் மூச்சு சீராக இருக்கும்போதே நோயாளி கை நழுவிப் போய்விடுவார்.

இதைத் தீர்க்க முற்பட்டவர் ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த எட்வர்ட் லாரி. ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கானின் அரசு பொருளுதவி செய்ய, 1888-இல் ஒரு குழு அமைந்தது. நாய்களுக்குக் குளோரோஃபாம் கொடுத்துச் சாகும்வரை கவனித்தார்கள். எப்போதும் மூச்சே முதலில் நின்றது. இங்கிலாந்தின் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை ஏற்கத் தயங்கியது. உடனே நிஜாம் அரசு 1000 பவுண்டு அளித்து, அவ்விதழே ஓர் அறிஞரை அனுப்பிச் சரி பார்க்கட்டும் என்றது. தன் முடிவைச் சோதிக்க மறுப்பாளரையே செலவு கொடுத்து அழைத்த பெருந்தன்மையை வரலாற்று மாணவன் என்ற முறையில் நான் வியக்கிறேன். 1889-இல் லாடர் பிரண்டன் வந்தார். நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் எனப் பல நூறு உயிர்கள் மீண்டும் சோதிக்கப்பட்டன. இதயமே ஆபத்து என்று கருதி வந்த பிரண்டன், தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 'மூச்சைப் பார், நாடியைப் பார்க்க வேண்டியதில்லை' என்பது லாரியின் போதனையாக நிலைத்தது. குளோரோஃபாமை ஆதரித்தவர்களுக்கு அந்த அறிக்கை பல ஆண்டுகள் கேடயமாயிற்று.

ஆனால் அது தவறான போதனை. 1911-இல் லெவி என்னும் ஆங்கிலேய மருத்துவர் பூனைகளிடம் ஒன்றைக் காட்டினார். குளோரோஃபாம் ஆழமாக ஏறிய நிலையில் அன்று, இலேசாக இருக்கும்போது, அச்சத்தில் உடல் சுரக்கும் அட்ரினலின் இரத்தத்தில் சேர்ந்தால், இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து நொடியில் செயலற்றுப் போகின்றன. நடுங்கிக்கொண்டே மேசையில் படுத்த நோயாளிகள் தொடக்கத்திலேயே மாண்டதன் காரணம் இதுவே.

ஹைதராபாத்தின் நாய்கள் பொய்ச் சாட்சி சொல்லவில்லை. அளவுக்கு மீறி மயக்க மருந்து கொடுத்தால் எது முதலில் நிற்கும் என்று அவற்றிடம் கேட்டார்கள். அதற்கு அவை சரியாகவே பதில் சொல்லின. இலேசான மயக்கத்தில் அஞ்சிக் கிடக்கும் உயிருக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. சாட்சியின் நேர்மையை மட்டுமன்றி, அவரிடம் கேட்கப்பட்டது எது என்பதையும் காளி ஆராய வேண்டும் என்று ஃபிக்ஹு பாடத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் எனக்கு, இந்த வழக்கு மிக நன்றாகவே விளங்கிற்று.

ஈரலின் கதை

இதயத்தைத் தாண்டி, குளோரோஃபாம் இன்னோர் உறுப்பையும் தாக்கியது. அறுவைக்குப் பின் நன்றாகக் கண் விழித்த குழந்தைகள் சில நாட்கள் கழித்து வாந்தியெடுத்து, நினைவிழந்து இறந்ததை 1894-இல் கத்ரீ என்பவர் எழுதினார். அவர்களின் ஈரல் கொழுப்பேறிக் கெட்டிருந்தது. அமெரிக்காவில் விப்பிள் என்னும் அறிஞர் இதை நாய்களிடம் ஆராய்ந்தார். பட்டினி கிடந்த நாய்களின் ஈரல் மோசமாகச் சிதைந்தது. சர்க்கரைச் சத்துள்ள உணவு உண்டவை பெரிதும் தப்பின. 1940 வாக்கில், புரதம் குன்றிய நாய்களுக்குக் கந்தகம் அடங்கிய மெத்தியோனின், சிஸ்டின் ஆகிய புரதக் கூறுகளைக் கொடுத்தால் ஈரல் காக்கப்படுகிறது என்பதையும் அவருடைய குழு கண்டது. பாராசிட்டமால் மாத்திரையை அளவு மீறி விழுங்கியவர்களுக்கு இன்று மருத்துவமனைகளில் ஏற்றப்படும் அசிட்டில்சிஸ்டின் இதே கந்தகக் குடும்பத்தைச் சேர்ந்தது. நச்சை முறிக்கும் குளூட்டத்தியோன் என்ற பொருளை ஈரல் மீண்டும் உண்டாக்கிக்கொள்ள அது உதவுகிறது. விலங்குகளின் சாட்சியம் மனிதனுக்குப் பலித்த இடம் இது.

1956-இல் ஹாலோத்தேன் வந்தது. தீப்பற்றாதது, வாசனை இதமானது. குளோரோஃபாமின் குறைகள் நீங்கிவிட்டன என்று உலகமே மகிழ்ந்தது. சில ஆண்டுகளில் சிலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். அமெரிக்காவில் எட்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மயக்கங்களை எடுத்து ஆராய்ந்தபோது, ஈரல் முற்றும் அழிந்து இறந்தவர்கள் 82 பேர் மட்டுமே. அவர்களிலும் பலருக்கு வேறு காரணங்கள் இருந்தன. இவ்வளவு அரிய நோயை எலியிடம் எப்படிக் காண்பது? போதிய ஆக்சிஜனோடு ஹாலோத்தேன் கொடுத்தால் எலியின் ஈரலுக்குப் பெரிய கேடு எதுவும் வரவில்லை. பினோபார்பிட்டல் என்ற மருந்தை முன்னரே கொடுத்து, ஆக்சிஜனையும் குறைத்த பிறகே ஈரல் திசுக்கள் கருகின. மனிதரிடம் காணும் கொடிய வகையோ வேறு. ஹாலோத்தேனின் சிதைவுப் பொருள் ஈரலின் புரதங்களில் ஒட்டிக்கொள்ள, உடலின் காவற்படை அவற்றை அந்நியமெனக் கருதித் தாக்குகிறது. மீண்டும் மீண்டும் கொடுக்கும்போது ஆபத்து கூடியதும் அதனால்தான். ஹாலோத்தேனில் ஏறத்தாழ 20 விழுக்காடு ஈரலில் சிதைகிறது. பின்னர் வந்த ஐசோஃப்ளூரேனில் இது 1 விழுக்காட்டிலும் குறைவு. செவோஃப்ளூரேன் சில விழுக்காடு சிதைந்தாலும், ஈரலைத் தாக்கத் தூண்டும் அந்தப் பொருள் அதிலிருந்து உண்டாவதில்லை.

இங்கே நம் வீடுகளோடு தொடர்புடைய ஒரு செய்தி. ஈரலைக் காக்கும் மூலிகை என்று எதைச் சோதித்தாலும், ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் எலிக்குக் கொடுக்கும் நஞ்சு கார்பன் டெட்ரா குளோரைடு. அது குளோரோஃபாமின் நெருங்கிய உறவு. ஒரு காலத்தில் அதையே மயக்க மருந்தாகவும் முயன்று பார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள். கீழாநெல்லி, மஞ்சள், நாம் போற்றும் கருஞ்சீரகம் ஆகிய யாவும் இந்த நஞ்சுக்கு எதிராக எலியின் அல்லது சுண்டெலியின் ஈரலைக் காத்ததாக ஆய்வுகள் உண்டு. உடனே 'விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது' என்று துண்டறிக்கை அச்சிட்டு, ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் வாயிலில் எண்ணெய்க் குப்பி விற்கிறார்கள். கருஞ்சீரகத்தைப் பற்றிய நபிமொழியை நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கைக்கு எலியின் ஈரல் முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஆய்வுகள் பலவற்றில் நஞ்சுக்கு முன்னரே மூலிகையைக் கொடுத்துவிடுகிறார்கள். அளவும் எலியின் எடையோடு ஒப்பிட்டால் மிகப் பெரிது. நம் மக்களின் ஈரலைக் கெடுப்பதோ கிருமியும் கொழுப்பும் மதுவும். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி உண்ட ஹெப்படைட்டிஸ் பி கிருமியுடையோர் 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக எழுதினார்கள். தமிழகமே பெருமை கொண்டது. பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை. மனிதரிடமே ஒரு முறை கண்டது மறுமுறை மாறுகிறதென்றால், எலியிடம் கண்டதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும்!

அந்த எலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியில் சாகடித்த பெண்ணின் முடிவையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் நற்பேற்றையும் பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். உயிருள்ளதைக் கட்டி வைத்து இலக்காக எய்வதையும் தடுத்திருக்கிறார்கள். நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், அறுத்துச் செய்யும் சோதனைகளை இயன்றவரை வலி தெரியாதபடி மயக்க மருந்தின் கீழேயே செய்ய வேண்டும் என்கிறது. 1998-இல் வந்த விதிகள் கண்காணிப்பை இன்னும் இறுக்கின. வீணான சோதனை, ஏற்கெனவே தெரிந்ததை வேலைக்காகவும் பட்டத்திற்காகவும் திரும்பச் செய்யும் சோதனை, இவற்றை நான் ஏற்க மாட்டேன். ஆனால் முற்றாக வெறுத்துப் பேசவும் எனக்கு நாவில்லை. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான பட்டுக்கூடுகள், உள்ளே புழுவோடு வெந்நீரில் இடப்படுகின்றன. அந்தத் தொழிலால் அடுப்பெரியும் ஊர் எங்களுடையது.

பிள்ளையின் மூளை

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய மாமா சொன்னது கட்டுக்கதையன்று. 2003-இல் அமெரிக்காவில் யெவ்தோவிச் தொடோரோவிச் என்ற பெண் அறிஞரின் குழு, பிறந்து 7 நாளான எலிக்குஞ்சுகளுக்கு மிடசோலம், நைட்ரஸ் ஆக்சைடு, ஐசோஃப்ளூரேன் ஆகிய மூன்றையும் சேர்த்து 6 மணி நேரம் கொடுத்தது. குஞ்சுகளின் மூளையில் பல இடங்களில் உயிரணுக்கள் மடிந்தன. வளர்ந்த பின் கற்கும் திறனும் குறைந்திருந்தது. மெலடோனின், டெக்ஸ்மெடெடோமிடின் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் இச்சேதம் குறைகிறது என்பதையும் பிறகு எலிகளிடம் கண்டார்கள். குழந்தைகளுக்கு அவை மூளைக் காப்பாகும் என்று இதுவரை நிலைநாட்டப்படவில்லை.

எலியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள். அதன் மூளை சில வாரங்களில் வளர்ந்து முடிகிறது. அதற்கு 6 மணி நேரம் என்பது நம் பிள்ளைக்கு எவ்வளவு நீண்டதற்குச் சமம்? இதை மனிதரிடமே கேட்டுப் பார்த்தார்கள். 7 நாடுகளில், பிறந்து சில மாதங்களே ஆன 722 குழந்தைகள். அறுவையும் இதே குடலிறக்கத்திற்குத்தான். பாதிப் பேருக்குச் செவோஃப்ளூரேன் மயக்கம்; மற்றவர்களுக்கு முதுகில் ஊசியிட்டு மரக்கச் செய்து விழித்த நிலையிலேயே அறுவை. மயக்கம் நீடித்தது பொதுவாக ஒரு மணி நேரத்திற்குள். அக்குழந்தைகள் 5 வயதை அடைந்ததும் அறிவுத்திறனைச் சோதித்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி இரு சாராருக்கும் வேறுபாடில்லை. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு 3 மணி நேரத்துக்கு மேல், அல்லது பலமுறை கொடுப்பதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்திருப்பதும் உண்மையே. அப்போதும் தேவையான அறுவையைத் தள்ளிப் போடச் சொல்லவில்லை. குடலிறக்கத்தைத் தள்ளிப் போட்டால் குடல் இறுகிச் சிக்கி, இரத்த ஓட்டம் நின்று, அவசரமாக நள்ளிரவில் அறுக்க நேரிடும்.

இவற்றை எழுதிக் கொடுத்தேன். அவர் மருத்துவரிடம் காட்டிப் பேசி, நாள் குறித்தார். அறுவைக்குரிய காலையில், ஸுபுஹு தொழுகை முடிந்ததும், பேரனுக்குக் காப்பாக இருக்கட்டுமென்று பாட்டியார் கருஞ்சீரகப் பொடியைத் தேனில் குழைத்து ஒரு கரண்டி ஊட்டிவிட்டார். மயக்க மருத்துவர், "காலையில் ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டார். பாட்டியார் தலை குனிந்தார். மகன் உண்மையைச் சொல்லிவிட்டார். வயிற்றில் ஏதேனும் இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்று விளக்கி, மருத்துவர் அறுவையை மறுநாளுக்கு ஒத்திவைத்தார்.

மறுநாள் பாட்டியார் ஓதி ஊதியதோடு நிறுத்திக்கொண்டார். அறுவை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மாலையில் நான் பார்க்கச் சென்றபோது, பையன் கையில் கட்டிய பஞ்சைப் பிய்த்துக்கொண்டு, பால் வேண்டுமென்று அழுதுகொண்டிருந்தான்.