கிட்னி பழுதானால் இதயமும் தள்ளாடும்! டயாலிசிசை தள்ளிப்போட்டால் ஆபத்து

சென்னை:

டயாலிசிஸ் செய்து வரும் கிட்னி நோயாளிகளில் பலரது உயிரை பறிப்பது இதய கோளாறுதான். "வாரா வாரம் ரத்தத்தை சுத்தம் பண்றோமே, நெஞ்சுக்கு என்ன வந்துச்சு?" என்று குடும்பத்தினர் குழம்புகிறார்கள். இதற்கு டாக்டர்கள் தரும் விளக்கம் வருமாறு:-

தடிக்கும் இதயம்

கிட்னி பழுதானால் உடம்பில் உப்பும் நீரும் தங்கிவிடும். ரத்த அழுத்தம் எகிறும். இந்த பாரத்தை தள்ளித் தள்ளியே இதயத்தின் இடதுபக்க சுவர் தடித்துப்போகும். நாளடைவில் 'பம்ப்' செய்யும் சக்தி குறையும்.

ரத்தம் ஊற உதவும் எரித்ரோபாயிட்டின் என்ற ஹார்மோனை சுரப்பதும் கிட்னிதான். அது குறைந்தால் ரத்தசோகை வரும். அதனால் இதயத்துக்கு இன்னும் வேலை கூடும்.

இளநீர் உஷார்!

வெயிலுக்கு இதமான இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் எகிறினால் துடிப்பு தாறுமாறாகி, இதயம் திடீரென நின்றுவிடலாம். வாழைப்பழம், ஆரஞ்சு ஜூசையும் டாக்டரிடம் கேட்டே சாப்பிட வேண்டும்.

ஒருநாள் கூலிக்காக...

வாரம் 3 முறை டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வாரத்தில் ஒருமுறை 2 நாள் இடைவெளி விழும். அது முடிந்த மறுநாள்தான் உயிரிழப்பும், இதய பாதிப்பும் அதிகம் என்று அமெரிக்காவில் சுமார் 32 ஆயிரம் நோயாளிகளிடம் நடத்தி, 2011-ல் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது. வழக்கமான இடைவெளிக்கே இந்த கதி என்றால், "ஒருநாள் கூலி போயிடும், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று ஒரு முறையை விட்டால் ஆபத்து எவ்வளவு என்பதை சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறி என்ன?

படுத்தால் மூச்சு திணறுவது, தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம் வருவது, கால் வீக்கம், ஓரிரு நாளில் எடை கூடுவது ஆகியவை எச்சரிக்கை மணி. "வயசாயிடுச்சு, அதான் மூச்சு வாங்குது" என்று சும்மா இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். 'எக்கோ' பரிசோதனையில் இதயத்தின் நிலை தெரிந்துவிடும்.

தண்ணீர், உப்பு அளவை டாக்டர் சொன்னபடி கடைப்பிடிக்க வேண்டும். மெடிக்கலில் வலி மாத்திரையை இஷ்டத்துக்கு வாங்கி விழுங்கக்கூடாது. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்ப்பது நல்லது.

செலவுக்கு பயந்து டயாலிசிசை நிறுத்த வேண்டியதில்லை. முதல்-அமைச்சரின் காப்பீட்டு திட்ட அட்டை உள்ளவர்கள் அதிலேயே டயாலிசிஸ் செய்து கொள்ளலாம்.