சிறுகோளை நகர்த்திய மோதல்

2022 செப்டம்பர் 26 அன்று, பூமியிலிருந்து ஏறத்தாழ 1.1 கோடி கிலோமீட்டர் தொலைவில், நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்னும் சிறுகோளின்மீது வேண்டுமென்றே மோதியது. அக்கலத்தில் வெடிபொருள் ஏதும் இல்லை. பூமியை நோக்கி ஒரு சிறுகோள் என்றேனும் வருமாயின், அதனை இடித்தே வழிவிலக்க இயலுமா என்று அறிவதே நோக்கம். டைமார்ஃபசால் பூமிக்கு எவ்வித ஆபத்தும் இல்லை; அது சோதனைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இலக்கு மட்டுமே.

ஏறத்தாழ 150 மீட்டர் விட்டமுள்ள அச்சிறுகோள், டிடிமோஸ் என்னும் பெரிய சிறுகோளை 11 மணி 55 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றி வந்தது. இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும்போதெல்லாம் அவற்றின் ஒளி சற்றே மங்கும். ஆகவே, சுற்றுக்காலம் மாறினால் புவியிலுள்ள தொலைநோக்கிகளைக் கொண்டே அதனை அளந்துவிடலாம்.

மோதலின்போது கலத்தின் நிறை ஏறத்தாழ 580 கிலோகிராம். திசைவேகம் நொடிக்கு 6,100 மீட்டர். இரண்டையும் பெருக்கினால், அதன் உந்தம் ஏறத்தாழ 35 இலட்சம் கி.கி. மீ/வி. சிறுகோளின் நிறை 430 கோடி கிலோகிராம் என மதிப்பிடப்பட்டது. சிறுகோள் ஓய்வில் இருந்ததாகவும், கலம் நேராக மோதி அதில் புதைந்துவிட்டதாகவும் கொள்வோம். டிடிமோசின் ஈர்ப்பு ஒரு புறவிசையே எனினும், கணநேரத்தில் முடியும் மோதலில் அதன் விளைவைப் புறக்கணிக்கலாம். நேர்க்கோட்டு உந்த மாறா விதிப்படி சிறுகோள் பெறும் திசைவேகம் நொடிக்கு 0.8 மில்லிமீட்டர்.

இங்கு இயக்க ஆற்றலையும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மோதலுக்கு முன் கலத்தின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,080 கோடி ஜூல். மோதலுக்குப் பின் இருப்பதோ 1,450 ஜூல் அளவே! 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவர் ஒருவர் மூன்று மீட்டர் உயர மாடிக்கு ஏறும்போது பெறும் நிலையாற்றலுக்கு இது ஒப்பாகும். எஞ்சியது பாறையை உடைப்பதிலும் வெப்பத்திலும் செலவாயிற்று. ஆற்றல் இவ்வளவு உருமாறியபின் உந்தமும் குறைந்திருக்கும் என எண்ணுவது மாணவர் பலரும் செய்யும் பிழை. உந்தம் வெப்பமாக மாறுவதில்லை. அது திசையுடைய அளவு.

அளந்து பார்த்தபோது வியப்பு காத்திருந்தது. சுற்றுக்காலம் 32 நிமிடங்கள் குறைந்திருந்தது. அதிலிருந்து பெறப்பட்ட திசைவேக மாற்றம் நொடிக்கு 2.7 மில்லிமீட்டர், அதாவது, கணக்கிட்டதைப்போல் மும்மடங்குக்கும் மிகுதி. 35 இலட்சம் அலகு உந்தத்தைக் கொண்டு மோதிய கலம், 116 இலட்சம் அலகு உந்தத்தைச் சிறுகோளுக்கு அளித்தது எங்ஙனம்? விதி பொய்த்துவிட்டதா?

பிழை விதியில் இல்லை. அமைப்பை வரையறுத்ததில் உள்ளது. மோதிய இடத்திலிருந்து கல்லும் தூசியும், கலம் வந்த திசையை நோக்கிச் சிதறிப் பறந்தன. உடன் சென்ற இத்தாலியச் சிறுசெயற்கைக்கோள் இக்காட்சியைப் படமெடுத்தது. கலத்தின் திசையை நேர்க்குறியாகக் கொண்டால், சிதறல்களின் உந்தம் எதிர்க்குறி பெறும். தோராயமாக, சிறுகோளுக்கு 116 இலட்சம். சிதறல்களுக்கு −81 இலட்சம். கூட்டினால் 35 இலட்சம். துப்பாக்கி பின்னுதைப்பதைப்போல், தன் தூசியை உமிழ்ந்த சிறுகோளும் பின்னுதைக்கப்பட்டது.

இறுகிய ஒற்றைப் பாறையாக இருந்திருந்தால் சிதறலின் அளவும் பின்னுதைப்பும் வேறாக இருந்திருக்கும். ஆகவே, வேறொரு சிறுகோளை விலக்கும்போதும் இதே மும்மடங்கு கிடைக்கும் எனக் கொள்ள இயலாது. மேலும், 430 கோடி என்பதும் அடர்த்தியை ஊகித்துப் பெற்ற நிறையே. ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 அக்டோபரில் ஏவிய ஹெரா விண்கலத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்று, டைமார்ஃபசின் அருகே சென்று அந்நிறையை அளப்பதாகும். அவ்வெண் மாறினால், மேற்கண்ட கூட்டலில் சிறுகோளுக்கும் சிதறல்களுக்கும் உரிய எண்கள் இரண்டும் மாறும். கலம் கொண்டுவந்த 35 இலட்சம் மாறாது.