பிளவும் பாராமுகமும்: ஐக்கிய அமெரிக்க அரசியல் வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

அரசியற் பிளவும் அரசியல் அக்கறையின்மையும் ஒன்றுக்கொன்று முரணானவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. பிளவு மிகுந்தவிடத்து ஈடுபாடு மிகும் என்பதும், ஈடுபாடு குன்றியவிடத்துப் பூசலும் குன்றும் என்பதும் இயல்பான எதிர்பார்ப்பாகும். ஆயின் ஐக்கிய அமெரிக்காவில் இவ்விரண்டும் ஒருங்கே காணப்படுகின்றன. 2021 சனவரி 6ஆம் நாள், முந்திய ஆண்டின் சனாதிபதித் தேர்தல் முடிவை ஏற்க மறுத்த கூட்டமொன்று காங்கிரசுக் கட்டடத்துள் வன்முறையாகப் புகுந்தது. 2024ஆம் ஆண்டுத் தேர்தலிலோ தகுதியுடையோருள் ஏறத்தாழ 36 வீதத்தினர் வாக்களிக்கவில்லை. இவர்களின் தொகை, வெற்றி பெற்ற டொனால்ட் ட்றம்புக்குக் கிடைத்த வாக்குத் தொகையிலும் கூடியதாகும். இவ்விரு நிலைகளுக்குமிடையே உள்ள தொடர்பினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பிளவின் வரலாற்றை நோக்குவோம். 1950இல் அமெரிக்க அரசறிவியற் கழகத்தின் குழுவொன்று, இரு பெருங் கட்சிகளும் தெளிவாக வேறுபட்ட கொள்கைகளை மக்கள்முன் வைக்கவில்லை என்று குறைகூறிற்று. அக்காலத்தே சனநாயகக் கட்சியில் தென்மாநில இனவொதுக்கல்வாதிகளும் வடபுலத் தொழிற்சங்கத்தாரும் ஒருங்கிருந்தனர். குடியரசுக் கட்சியிலும் தாராண்மைவாதிகள் பலர் இருந்தனர். இவ்விணக்கத்தை நாம் பொற்காலமெனப் போற்றுதல் பொருந்தாது. தென்மாநிலக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்து நிலைபெற்ற இணக்கம் அது. 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டமும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் அவ்வநீதியைத் தகர்த்தபின், தென்மாநில வெள்ளையருட் பெரும்பாலோர் படிப்படியாகக் குடியரசுக் கட்சியைச் சார்ந்தனர். இனம், சமயம், கல்வி, வாழிடம் என்னும் வேறுபாடுகள் கட்சி வேறுபாட்டோடு மேன்மேலும் பொருந்தலாயின. தம் பிள்ளை மாற்றுக் கட்சியாரை மணப்பதை விரும்பாதோர் 1960இல் நூற்றுக்கு ஐவரளவினரே; 2010இல் குடியரசுக் கட்சியாருள் ஏறத்தாழ அரைப்பங்கினரும் சனநாயகக் கட்சியாருள் மூன்றிலொரு பங்கினரும் அவ்வாறு கூறினர்.

இனி அக்கறையின்மையை நோக்குவோம். வாக்களியாமையைச் சோம்பலெனக் கொள்வது எளிது. எனினும் அது போதிய விளக்கமன்று. 1845ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேர்தல் இன்றும் செவ்வாய்க்கிழமையாகிய வேலைநாளில் நிகழ்கின்றது. சனாதிபதித் தேர்தலில் 48 மாநிலங்கள் தம் தேர்வாளர் அனைவரையும் அங்கு முன்னிற்பவருக்கே அளிக்கின்றன. ஆகவே 2024இல் வேட்பாளரின் முயற்சி பெரும்பாலும் ஏழு மாநிலங்களிலேயே குவிந்தது. கலிபோர்னியாவின் குடியரசுக் கட்சி ஆதரவாளரும் அலபாமாவின் சனநாயகக் கட்சி ஆதரவாளரும் தம் வாக்காற் பயன் யாது எனக் கேட்பது வியப்பன்று. 2000, 2016 ஆகிய ஆண்டுகளில் நாடளாவிய வாக்கிற் பின்னின்றவரே சனாதிபதியானார். மேலும், பல மாநிலங்களிற் சட்டமன்றங்களே தம் கட்சிக்கு வாய்ப்பாகத் தொகுதி எல்லைகளை வகுக்கின்றன. கட்சி நலங் கருதிய இத்தகைய வகுப்பைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்கவியலாது என 2019இல் மீயுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்விடத்தேதான் பிளவும் பாராமுகமும் சந்திக்கின்றன. பெரும்பாலான தொகுதிகளில் வெல்லுங் கட்சி எதுவென முன்னரே தெரிதலால், உண்மையான போட்டி கட்சி வேட்பாளரைத் தெரியும் முதனிலைத் தேர்தலிலேயே அமைகின்றது. அதில் வாக்களிப்போர், சனாதிபதித் தேர்தல் நிகழாத இடைக்கால ஆண்டுகளில், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரே. அவர்களுள் தீவிரப் பற்றாளரின் குரல் ஓங்குகின்றது. எதிர்க்கட்சியோடு இணங்கும் பிரதிநிதி அவர்களின் தண்டனைக்கு அஞ்சவேண்டியவராகிறார். சட்டவாக்கம் முடங்குகின்றது, நடுநிலையாளர் சலிப்புற்று விலகுகின்றனர், அவ்விலகல் தீவிரரின் வலிமையை மேலும் பெருக்குகின்றது. பாராமுகம் பிளவை வளர்க்க, பிளவு பாராமுகத்தை வளர்க்கின்றது.

இச்சுழற்சியைத் தடுக்கவல்ல சமூக நிறுவனங்களும் நலிந்துள்ளன. 1831இல் அந்நாட்டிற்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் அலெக்சி டி தொக்குவில், மக்கள் தாமாகக் கூடி அமைத்த சங்கங்களைக் கண்டு வியந்தார். அச்சங்க வாழ்வு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேய்ந்தமையை றொபேட் புட்னம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார். உள்ளூர்ச் செய்தித்தாள்களில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டவை 2005இன் பின் மறைந்தன. ஊர்ப் பாடசாலை, வீதி, வரி பற்றி அயலாரோடு வாதிட்டு உடன்படும் பயிற்சிக்களங்கள் இவ்வாறு குறைந்தன.

2020இல் 66 வீதத்தினர் வாக்களித்தமை இக்கூற்றுக்கு மாறாகத் தோன்றலாம். 1900இன் பின் கண்ட மிகவுயர்ந்த வீதம் அதுவே. ஆயின் எதிர்க்கட்சிமீதுள்ள அச்சத்தால் வாக்களித்தல் வேறு. பொதுவாழ்வில் நம்பிக்கையோடு பங்குகொள்ளுதல் வேறு. 1964இல் கூட்டாட்சி அரசின்மீது நம்பிக்கை தெரிவித்தோர் நாலில் மூன்று பங்கினர். அண்மைக் காலத்தில் அவர்கள் ஐந்திலொரு பங்களவினரே.

எனினும் இந்நிலை மாற்றவியலாததன்று. 2018இல் மிச்சிகன் மாநில மக்கள், குடிமக்கள் முயற்சியால் எழுந்த பொதுசன வாக்கெடுப்பின் வழியே, எல்லை வகுக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமிருந்து நீக்கிச் சுயாதீன ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தனர். கட்சிகள் தாமாக விட்டுக்கொடாத அதிகாரத்தை மக்கள் கூடிப் பெற்றனர். விலகி நிற்போர் மீண்டும் பொதுவாழ்விற் புகுதலே பிளவைத் தணிக்கும் வழியென்பதற்கு இதுவே சான்றெனலாம்.