மதரஸா மாணவருக்கு பி.ஏ. ஆங்கிலம்: பிளஸ் டூவைத் தாண்டாதீர்கள்

எட்டாம் வகுப்போடு மதரஸாவில் சேர்ந்து ஓதி முடித்த பிள்ளையை, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக பி.ஏ. ஆங்கிலம் சேர்த்துவிடலாம் என ஆலங்குளம் பகுதிப் பெற்றோர் சிலர் எண்ணுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் தேறாமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது என 2009-இல் அரசாணை வந்துவிட்டது.

வழி உண்டு. என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், ஓதிக்கொண்டே 14 வயது முதல் பத்தாம் வகுப்பு எழுதலாம். அடுத்து பிளஸ் டூ. ஐந்து பாடங்களில் அரபியும் ஆங்கிலமும் இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வந்தால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பி.ஏ. ஆங்கிலத்துக்கு விண்ணப்பியுங்கள். திணறினால் வரலாறோ பி.காமோ எடுக்கட்டும், அங்கும் பகுதி இரண்டாக ஆங்கிலம் உண்டு. இன்ஷா அல்லாஹ், மொழி வசப்படும், பட்டமும் செல்லும்.