“இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ”: அதற்குப் பிறகு குடும்பம் செய்யக்கூடியவை

புற்றுநோய்ச் சிகிச்சையின் ஒரு கட்டத்தில் வைத்தியர் குடும்பத்தவரைத் தனியே அழைத்து, “இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, விருப்பமானதைச் சாப்பிடக் குடுங்கோ” என்கிறார். எங்களில் பலர் அதைக் கைவிடுதலாகவே கேட்கிறோம். “டொக்டர்மார் கைவிட்டிட்டினம்” என்றுதான் உறவினர்களுக்கும் சொல்கிறோம். ஆனால், நோயைக் குணப்படுத்த முடியாது என்பதும் நோயாளிக்குச் செய்ய எதுவுமில்லை என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

என் அக்காவுக்கு 43 வயது. கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் கொட்டாஞ்சேனையில் வாழ்கிறார். நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. நான் அம்மாவோடு வெள்ளவத்தையில் இருக்கிறேன். சின்னண்ணா கனடாவில். பெரியண்ணாவை 2009 மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் காணவில்லை. இதை எழுத அக்கா சம்மதித்தார். “என்ர பெயரை மட்டும் போடாத” என்றார்.

நான்காம் நிலை என்றால் என்ன?

புற்றுநோய் தொடங்கிய உறுப்பைத் தாண்டி உடலின் வேறு பகுதிகளுக்கும் பரவிவிட்டது என்பதே அதன் பொருள். இந்த நிலையிலும் சிகிச்சை உண்டு, அதன் நோக்கம்தான் மாறுகிறது. நோயின் வேகத்தைக் குறைப்பதற்கும், வலி, மூச்சுத்திணறல், வாந்தி போன்றவற்றைத் தணிப்பதற்கும் மருந்து தருகிறார்கள். எலும்புக்குப் பரவிய இடத்தில் வலியைக் குறைக்கக் கதிர்வீச்சுக் கொடுப்பதும் உண்டு.

இதற்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று பெயர். 1967ஆம் ஆண்டு லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை ஆரம்பித்த வைத்தியர் சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலி உடலில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் இருக்கிறது என்று வலியுறுத்தினார். எங்களுக்கு அருகில் கேரளம் இதில் வழிகாட்டியாக இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் சில வைத்தியர்கள் தொடங்கிய வேலை, பின்னர் அயலவர்களே பயிற்சி பெற்று வீடுவீடாகச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது.

இந்தப் பராமரிப்பைக் கடைசி வாரத்துக்கென்று தள்ளிவைக்கத் தேவையில்லை. நோய் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர்கள் 151 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2010இல் வெளியானது. ஆரம்பத்திலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். அவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 11.6 மாதங்கள், மற்றவர்களுடையது 8.9 மாதங்கள். ஆனால் உலகளவில் இந்தப் பராமரிப்புத் தேவைப்படுவோரில் ஏறத்தாழ 14 வீதமானோருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

மொழிபெயர்க்கிறவரின் சுமை

1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கருமமொழி ஆக்கியது. நடைமுறையில், சிங்களம் தெரிந்த ஒரு பிள்ளையையோ சகோதரத்தையோ கூட்டிக்கொண்டுதான் எங்கள் ஆட்கள் கிளினிக்குக்குப் போகிறார்கள். அந்தப் பிள்ளைதான் “பரவிவிட்டது” என்ற சொல்லை முதலில் கேட்கிறது. அதைத் தாய்க்கோ தகப்பனுக்கோ எப்படிச் சொல்வது என்றும் அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பத்து வசனம் இரண்டாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே, இரண்டு பேர் போங்கள். ஒருவர் பேச, மற்றவர் எழுதட்டும். கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தச் சிகிச்சையின் நோக்கம் என்ன, குணமாக்கவா தணிக்கவா? செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? அடுத்து என்னென்ன வரக்கூடும்? இரவில் வலி கூடினால் என்ன செய்வது? டயக்னோசிஸ் கார்டைப் பிரதியெடுத்து இரண்டு வீடுகளில் வைத்திருங்கள்.

வலியைத் தாங்குவது துணிவல்ல

வன்னியின் கடைசி மாதங்களில் மயக்கமருந்து இல்லாமல் சத்திரசிகிச்சை நடந்ததை எங்களில் பலர் கண்டிருக்கிறோம். “அதையெல்லாம் தாங்கினனாங்கள், இதைத் தாங்கேலாதா?” என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் வந்தது. அன்று மருந்து இல்லை. இன்று இருக்கிறது. தாங்கவேண்டிய தேவையும் இல்லை.

மோர்பின் என்றதும் இரண்டு பயங்கள் வருகின்றன. அடிமையாகிவிடுவார், அல்லது அதைக் கொடுத்தால் முடிவு வந்துவிட்டது. வைத்தியர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும்போது இரண்டுக்கும் பயப்படத் தேவையில்லை. நேரம் தவறாமல் கொடுப்பதுதான் முக்கியம். வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருந்தால் அதைக் கட்டுப்படுத்துவது கடினம். மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

யாருக்குச் சொல்வது?

“அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இன்னொரு பிள்ளையைப் பற்றி எப்படிச் சொல்வது? ஆனால் அக்கா வேறுமாதிரி நினைத்தார். “அண்ணாவுக்கு என்ன நடந்ததெண்டு அம்மாவுக்குத் தெரியாது. என்ர விசயமாவது தெரியட்டும்” என்றார். அக்காவே சொன்னார். அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் உடுப்புப் பையோடு கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டார்.

எல்லா வீட்டுக்கும் இதுதான் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் நோயாளி. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் அவரிடம்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் அவருக்குப் பாதி தெரிந்திருக்கும். மறைக்கும்போது அவர் அதைத் தனியாகவே சுமக்கிறார்.

பிள்ளைகளுக்கும் நேரான சொற்களில் சொல்லுங்கள். “நித்திரையாகப் போய்விடுவா” என்றால் சின்னப்பிள்ளை நித்திரைக்கே பயப்படும். அவர்கள் குழப்படி செய்ததால் இந்த வருத்தம் வரவில்லை, இது தொற்றாது, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்.

வேலையைப் பிரிப்பது

வெளிநாட்டிலுள்ள சகோதரங்கள் காசு அனுப்புவார்கள். கூடவே புதுப்புது மருந்துகளும் யோசனைகளும் வட்ஸ்அப்பில் வரும். “இந்தியாவுக்குக் கொண்டுபோவம்” என்பது எல்லா வீட்டிலும் எழும் பேச்சு. நோயாளியை விமானத்தில் ஏற்றுவதற்கு முன் பயொப்சி, ஸ்கான் அறிக்கைகளை அனுப்பி இரண்டாவது அபிப்பிராயம் கேளுங்கள். பதில் ஒன்றாகவே இருந்தால் பயணச் செலவும் களைப்பும் மிச்சம்.

வெளிநாட்டில் இருப்பவருக்கும் நாளாந்த வேலை கொடுக்கலாம். எங்கள் அண்ணா ஒவ்வொரு நாளும் மருமக்களோடு வீடியோவில் பாடம் பார்க்கிறார். அந்த ஒரு மணித்தியாலம் அத்தான் உறங்குகிறார். இரவில் விழித்திருப்பவர் யார் என்பதை அட்டவணை போட்டுப் பிரியுங்கள். எங்கள் வீடுகளில் அது சத்தமில்லாமல் ஒரு பெண்ணின் தலையில் விழுந்துவிடும்.

கடதாசி வேலைகள்

நோயாளி தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கு, காணி உறுதி, காப்புறுதி பற்றிப் பேசிவிடுங்கள். நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலை என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால், ஊழியர் சேமலாப நிதியை ஓய்வு வயதுக்கு முன்பே பெறலாம். பெயர் குறித்த பின்னுரித்தாளர் யார் என்றும் சரிபாருங்கள்.

வீட்டிலேயே இருக்க விரும்பினால், குடும்ப வைத்தியருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். மரணத்தின் காரணத்தைச் சான்றுப்படுத்த ஆள் இல்லாவிட்டால் திடீர் மரண விசாரணைவரை போகவேண்டி வரலாம். சான்றிதழ் இல்லாத மரணம் ஒரு குடும்பத்தை எத்தனை வருடம் அலைக்கழிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். காணாமற்போனோருக்கான ‘காணக்கிடைக்காமைச் சான்றிதழ்’ என்ற ஒன்றுகூட 2016இல்தான் சட்டமானது.

எங்கே கேட்கலாம்?

மகரகம அபேக்சா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். கொட்டாஞ்சேனையிலிருந்து போவோர் புறக்கோட்டையில் 138 பஸ் எடுக்கலாம். தூர இடங்களிலிருந்து வருவோர் தங்குவதற்கு மகரகமவில் சிசிசி இல்லம் இருக்கிறது. வீட்டில் பார்க்க முடியாத நிலை வந்தால், இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன இல்லத்தில் விசாரியுங்கள். வடக்கில் இருப்பவர்கள் தெல்லிப்பளை வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில், வலிமருந்தை அங்கேயே தொடர முடியுமா என்று கேளுங்கள். அவசர அம்புலன்ஸ் சேவை 1990. பராமரிப்பவருக்கு மனம் உடைந்துபோனால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

அடுத்த கிளினிக் திகதிக்கு முன், உங்கள் ஆளிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: “உங்களுக்கு இப்ப எது முக்கியம்?” அக்கா சொன்ன பதில், மகளின் சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை வீட்டில் இருக்கவேண்டும் என்பது. எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்பதை இப்போது அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம்.