எடை குறைந்த குட்டியும் என் அவசரத் தீர்ப்பும்



கோடையில் என் தோட்டத்தில் ஆட்டுக்கிடை போடும் கீதாரியின் சிப்பிப்பாறை நாய் ஏழு குட்டி போட்டது. மயில், பன்றித் தொல்லைக்குக் காவல் ஆகுமே என்று நான் ஒரு பெட்டைக்குட்டி வாங்கினேன். பக்கத்துத் தோட்டக்காரர் ஆண்குட்டி வாங்கினார். மூன்றாம் மாதம் இரண்டையும் தராசில் நிறுத்தோம். அவருடையது 8 கிலோ, என்னுடையது 5 கிலோ.

"நோஞ்சானா பாத்து சார் தலையில கட்டிட்டான்" என்றார் அவர். நானும் கீதாரிக்குப் போன் போட்டு வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "புழு மருந்து குடுத்தீகளா சார்?"

பதில் சொல்லாமல் போனை வைத்தேன். காரணம், கொடுக்கவில்லை.

ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒரே எடையில் இருக்கும் என்று நினைப்பதே தவறு. தாய் வயிற்றில் ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி. அது ஒட்டிய இடத்தில் ரத்த ஓட்டம் எப்படியோ, அப்படித்தான் குட்டியின் வளர்த்தியும். பருவத்தில் தாய் பல நாய்களோடு சேர்ந்திருந்தால் ஒரே ஈற்றில் வேறு வேறு தகப்பனுக்குப் பிறந்த குட்டிகளும் இருக்கலாம். பொதுவாகப் பெட்டையைவிட ஆண் கனமாக வளரும்.

பிறந்த பிறகும் வித்தியாசம் கூடும். முதல் நாள் சீம்பால் குடித்த குட்டிக்கு நோய் எதிர்ப்பு கிடைக்கும். முதல் இரண்டு வாரம் குட்டிகளால் உடம்புச் சூட்டைத் தானாகக் காக்க முடியாது. ஒதுங்கிக் குளிர்ந்துபோன குட்டி சரியாகப் பால் குடிக்காது. பிறந்த முதல் நாளில் எடை சற்றுக் குறையலாம். அதன் பிறகு தினமும் ஏற வேண்டும். சுமார் 10 நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும்.

இனத்தையும் பார்க்கணும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்ட நாய்கள். நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு. விலா லேசாகத் தெரிவது அதன் உடல்வாகு. அதை லாப்ரடார் குட்டியோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

என் குட்டிக்கு வந்தது அது மட்டுமல்ல. முதுகெலும்பு துருத்தி, வயிறு மட்டும் பானை போல் இருந்தது. கால்நடை மருத்துவர் மலத்தைச் சோதித்து உருண்டைப் புழு என்றார். அந்தப் புழு தாயின் வயிற்றிலும் பாலிலும் குட்டிக்கு வந்துவிடும். நல்ல வளர்ப்பாளர் வீட்டுக் குட்டிக்கும் இருக்கும். அதனால்தான் இரண்டாவது வாரத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை புழு மருந்து கொடுக்கிறார்கள். குட்டியைக் கொடுக்கும்போதே கீதாரி இதைச் சொல்லியிருந்தார். இயற்கை விவசாயி ஆயிற்றே, நான் வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்! அந்தப் புழு முட்டை மண்ணிலிருந்து குழந்தைகளுக்கும் தொற்றும் என்று மருத்துவர் சொன்னபோது பேரனை நினைத்துப் பயந்துபோனேன்.

தீனியிலும் தப்பு என் பக்கம்தான். வெறும் தயிர்சோறு வளரும் குட்டிக்குப் போதாது. முட்டை, வேகவைத்த ஈரல் அல்லது இறைச்சி, பருப்பு சேர்க்கணும். வெங்காயமும் வேகவைத்த எலும்பும் கூடாது.

வங்கியில் ஒருவருடைய ஒரு நாள் இருப்பைப் பார்த்து நாங்கள் கடனை மறுத்ததில்லை. பல மாத வரவு செலவைப் பார்ப்போம். குட்டிக்கும் அப்படித்தான். வாரம் ஒருமுறை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். ஒரு தடவை எடை குறைவாக இருப்பதைவிட, எடை ஏறாமல் நிற்பதுதான் கவலை. வயிற்றுப்போக்கு, வாந்தி, வெளுத்த ஈறு, தீனி எடுக்காமை இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

வளர்ப்பாளரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. தாயைக் காட்டச் சொல்லுங்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரித்துத் தருகிறாரா, எந்தத் தேதியில் என்ன மருந்து கொடுத்தார் என்று கேளுங்கள். தாயைக் காட்ட மறுத்தால் சந்தேகப்படலாம். எடையை மட்டும் வைத்துச் சந்தேகப்படக் கூடாது.

சிகிச்சைக்குப் பிறகு குட்டி தேறிவரும் நாட்களில் தோட்டம் பார்க்க வந்த ஒருவர், "நாய்க்குச் சோறு போட மாட்டீங்களா?" என்று கேட்டார். சுருக்கென்று இருந்தது. கீதாரிக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்?

மறுநாளே கிடை இருந்த இடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஆட்டுல ரெட்டைக்குட்டியே ஒண்ணுபோல வளராது சார். குட்டி இப்ப தின்னுதா?" என்றார். தின்னுது என்றேன். இந்தக் கோடைக்கும் அவர் கிடை என் தோட்டத்தில்தான்.