ஒரு மரத்துக்கு 430,000 வெள்ளி

கோலாலம்பூர் கோபுரத்தின் அடியில் ஒரு ஜெலுத்தோங் மரம் நிற்கிறது. வயது நூறுக்கு மேல். இந்த இனத்தின் பாலில்தான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். 1990களில் 421 மீட்டர் கோபுரம் எழும்பியபோது, இந்த மரம் சாய்ந்துவிடாமலிருக்க அதைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டினார்கள். செலவு 430,000 வெள்ளி. ஒரு மரத்தைக் காக்க ஆன செலவு இப்படித் தொகையாகக் கிடைப்பது அபூர்வம். அதனால் காடுகளின் கணக்கை இங்கிருந்தே தொடங்குகிறேன்.

மரம் நிற்கும் குன்று புக்கிட் நானாஸ். 1906இல் வனக் காப்பகமாக அறிவித்தபோது அதன் பரப்பு 17.5 ஹெக்டேர். இன்று 9.37. ஏறக்குறைய பாதி போய்விட்டது. மீதி 23 ஏக்கர்தான், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பத்து நிமிட ரயில் தூரத்தில் நமக்கு இருக்கும் இயற்கைக் காடு.

கிள்ளானுக்குத் தெற்கே கணக்கு இன்னும் பெரிது. கோல லங்காட் வடக்கு வனக் காப்பகம் 1927இல் சுமார் 7,200 ஹெக்டேர். 2020இல் மிச்சம் 957. அதிலும் 931 ஹெக்டேரை நீக்கப்போவதாக அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது; நூற்றுக்கு 97. தெமுவான் பூர்வக்குடி மக்களும் சுற்றுச்சூழல் இயக்கங்களும் விடாமல் எதிர்த்தார்கள். அப்படியும் 2021இல் 536.7 ஹெக்டேரின் காப்பகத் தகுதி நீக்கப்பட்டது. அந்த முடிவை மாநில அரசு செப்டம்பரில் திரும்பப் பெற்றது. இந்தக் காப்பகம் சதுப்புக்காடு; முழுதாய் மக்காத இலையும் வேருமே அங்கே மண். அந்த மண் உயர்வது ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் ஆழம் சேர 500 முதல் 1,000 ஆண்டு. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் சில ஆண்டுகளிலேயே தரை தாழ்ந்துவிடும், காய்ந்தால் தீப்பிடிக்கும்.

இத்தனையும் பற்றுப் பக்கம். வரவுப் பக்கத்தில் எழுத இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய தொகை உண்டு: கெப்போங்.

1926இல் வன ஆய்வாளர் ஃபாக்ஸ்வொர்தி ஆய்வு நிலையத்துக்குத் தேர்ந்தெடுத்த அந்த நிலம் ஈய லம்பமும் காய்கறித் தோட்டமுமாகக் கிடந்தது. ஈயம் அலசிய இடத்தில் மேல்மண் ஓடிப்போய்விடும். மிஞ்சுவது மணலும் குட்டையும். தித்திவங்சா ஏரியே பழைய லம்பக்குட்டைதான். அப்படிப்பட்ட தரையில் மழைக்காட்டு மரங்களை நட்டார்கள். எளிய வேலையில்லை. இந்தப் பெருமரங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். விதையை நெல்போலக் குதிரில் போட்டு வைக்க முடியாது; சில வாரங்களில் செத்துவிடும். விழுந்த கையோடு முளைக்கவைக்க வேண்டும், இளங்கன்றுக்கு நிழல் தேடித்தர வேண்டும். இன்று அது 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உழைப்பு.

அங்கே கபூர் மரங்களுக்கடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரு மரத்தின் தழை அடுத்த மரத்தின் தழையைத் தொடுவதில்லை. நடுவே கையகல இடைவெளி, பச்சைக்குள் வெள்ளை ஓடைகள்போல வளைந்து வளைந்து ஓடுகிறது. கபூர் நமக்கு அந்நியமில்லை. கோயில் தீர்த்தத்தில் போடும் பச்சைக் கற்பூரத்தை ஒரு காலத்தில் இந்த மரத்தின் நெஞ்சிலிருந்து எடுத்தார்கள். அது ஏற்றுமதியான சுமத்ராவின் பாருஸ் துறையில், 1088ஆம் ஆண்டிலேயே தமிழ் வணிகர்கள் கல்வெட்டு நட்டிருக்கிறார்கள்.

போன மாதம் கெப்போங்கில் உதிர்ந்து கிடந்த ஒரு கபூர் இலையை எடுத்துக் கசக்கினேன். முதலில் மண்ணெண்ணெய் நெடி. பிறகு, மெல்ல, கற்பூரம்.